மலையுச்சி யாருக்குச் சொந்தம்?

மலையேறுவது சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றோர் எண்ணம் நம் தோழர்கள் பலரிடம் இருக்கிறது. “ஆறு நாளும் சாரம் ஏறுகிறவன், மூட்டை சுமந்து பலகை ஏறுகிறவன், கிடைக்கிற ஒரு நாள் ஓய்விலே மலை வேறு ஏற வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். கேள்வியிலே நியாயம் இல்லாமலில்லை. உழைத்துக் களைத்த உடல் பாயைத் தேடுமே தவிர, பாறையைத் தேடாது.

ஆனால் வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. காலையிலே புறப்பட்டு, உச்சியை அடைந்து, அன்றே வீடு திரும்பும் ஒரு நாள் மலை நடை இருக்கிறதே, அதை மக்கள் இயக்கமாக வளர்த்ததில் பெரும்பங்கு பட்டறைத் தொழிலாளிக்கு உண்டு. பஞ்சாலைத் தொழிலாளிக்கு உண்டு. வேலையிழந்த வாலிபனுக்கு உண்டு. அந்த நடைக்காக அவர்கள் சங்கம் அமைத்தார்கள்; சிறை புகுந்தார்கள்; மண்வெட்டி எடுத்துப் பாதை வெட்டினார்கள். அந்தக் கதையை நம் தோழர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். எவரெஸ்ட் சிகரத்தில், வசந்த காலத்தில், வழக்கமான தெற்கு வழியாக ஏற விரும்பும் வெளிநாட்டார் ஒருவர் நேப்பாள அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். இது அனுமதிச் சீட்டுக்கு மட்டும். பிராணவாயு, கூடாரம், வழிகாட்டியின் சம்பளம், சுமை தூக்கும் தோழனின் கூலி எல்லாம் தனி. ஏறி இறங்க வாரக்கணக்கில் ஆகும். அத்தனை வாரம் வேலைக்குப் போகாமல், அடுப்பும் அணையாமல் இருக்கக்கூடியவர் யார்? அவருக்குத்தான் அந்த மலை.

இப்போது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு வருவோம். அங்கே விட்னி மலை இருக்கிறது. உயரம் 14,505 அடி. அலாஸ்காவை நீக்கிப் பார்த்தால் அமெரிக்க நாட்டிலேயே உயர்ந்த சிகரம் அதுதான். ஏறி இறங்க 22 மைல் நடை. நள்ளிரவு கழிந்ததும் விளக்கைத் தலையிலே கட்டிக்கொண்டு புறப்படுகிறவர்கள் அன்று மாலைக்குள் அடிவாரம் திரும்பிவிடுகிறார்கள். மே முதல் அக்டோபர் வரை, நாளொன்றுக்கு 100 பேருக்குத்தான் ஒரு நாள் நடைக்கு அனுமதி. அந்த நூறு பேர் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. விண்ணப்பத்துக்கு 6 டாலர். இடம் கிடைத்தால் ஆளுக்கு 15 டாலர்.

அங்கே பதினைந்தாயிரம், இங்கே பதினைந்து! குலுக்கல் சீட்டுக்குச் சீமானையும் தெரியாது, சித்தாளையும் தெரியாது. இரண்டும் மலைதான், இரண்டிலும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றிலே ஏறப் பணப்பை வேண்டும். மற்றொன்றிலே ஏற ஒரு நாள் ஓய்வு போதும்.

ஒரு நாள் ஓய்வு போதும் என்றோம். அது போதுமா? போதாது. ஓய்வு நாள் கையிலே இருந்தும், மலையடிவாரத்திலே வேலி இருந்தால் என்ன செய்வது? ஆகவே தொழிலாளி உச்சிக்குப் போக இரண்டு வேண்டும். ஒன்று, தனக்கென்று ஒரு நாள். மற்றொன்று, எல்லார்க்கும் திறந்த நிலம். இந்த இரண்டில் எதையும் எந்த முதலாளியும், எந்தப் பிரபுவும் தாமாக முன்வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததில்லை. கேட்டுப் பெற்றார்கள், கொடுக்காத இடத்தில் போராடிப் பெற்றார்கள்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவிலிருந்து தொடங்குவோம். 1885ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் பதினொரு மணி நேர வேலை வரம்பையும் ஞாயிறு ஓய்வையும் வகுத்தது. பதினொரு மணி நேரம்! அதுவே அன்று பெரிய வெற்றி. ஞாயிறு வந்தது, ஞாயிற்றுக்கிழமையிலே எங்கே போவது? மதுக்கடை வாயில் திறந்திருந்தது. மலைகளோ வசதி படைத்தோரின் சங்கங்களுடைய மேற்பார்வையிலே இருந்தன. அந்த நேரத்தில், 1895 மார்ச் மாதம், சோஷலிஸ்ட் கட்சியின் நாளேடான ‘அர்பைட்டர் ஸைடுங்’கிலே ஒரு சிறு விளம்பரம் வந்தது. இயற்கையை நேசிப்போர் ஒன்று சேர வருக என்று அழைத்த அந்த விளம்பரத்தைக் கொடுத்தவர் கியார்க் ஷ்மீடல் என்ற பள்ளி ஆசிரியர். அவரோடு சேர்ந்தார்கள் இரும்புப் பட்டறைத் தொழிலாளியான அலாய்ஸ் ரோராவரும், சட்டம் படித்துக்கொண்டிருந்த கார்ல் ரென்னரும்.

அந்த ஆண்டு ஈஸ்டர் நாளில், வியன்னாவுக்குத் தெற்கே உள்ள அன்னிங்கர் குன்றுக்கு அவர்களுடைய முதல் நடை புறப்பட்டது. உயரம் ஏறத்தாழ 2,200 அடிதான். அடிவாரத்துக்குப் போய், ஏறி, இறங்கி, இரவுக்குள் வீடு சேரலாம். தொழிலாளியின் கைக்கெட்டும் உயரம் அது! அவ்வாண்டே ‘இயற்கை நண்பர்கள்’ சங்கம் பிறந்தது. ஆல்ப்ஸ் மலையேறிகள் சந்திக்கும்போது “மலை வாழ்க” என்பது வழக்கம். இவர்களோ “மலைக்கு விடுதலை” என்று முகமன் கூறினார்கள். சொல் ஒன்றுதான் மாறியது. அந்த ஒரு சொல்லிலே ஒரு கொள்கையே குடியிருந்தது.

மலையிலே அப்படி என்ன அடிமைத்தனம் என்று கேட்கலாம். ஒன்று சொல்கிறோம். ஜெர்மன்-ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கத்தின் வியன்னா கிளை, 1921இல், யூதர்கள் உறுப்பினராகக் கூடாது என்று விதி செய்தது. யூதர்களும் அவர்களது நண்பர்களும் ‘டோனாலாண்ட்’ என்ற பெயரில் தனிக் கிளை கண்டார்கள். 1924இல் அந்தக் கிளையையே சங்கம் வெளியே தள்ளியது. பாறையிலே கால் வைக்கிறவனிடம் பாறை பிறப்பைக் கேட்கவில்லை; பாறைக்குக் காவலிருந்த மனிதன் கேட்டான்! பிறப்பைக் கேட்டுக் கதவடைக்கும் கொடுமை எப்படிப்பட்டது என்பதை நம் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தொழிலாளர் மலையேறுவதைக் கண்டு சர்வாதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. 1933இல் ஜெர்மனியிலே ஹிட்லர் ஆட்சி ‘இயற்கை நண்பர்கள்’ சங்கத்தைத் தடை செய்தது. 1934இல் ஆஸ்திரியாவிலும் தடை. தொழிலாளர் காசு சேர்த்துக் கட்டிய மலை விடுதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. வெறும் உல்லாசச் சங்கமாக இருந்திருந்தால் அதைத் தடை செய்ய வேண்டிய அவசியம் என்ன? ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்து நடக்கக் கற்றவர்கள் திங்கட்கிழமையிலும் சேர்ந்து நிற்பார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஹிட்லர் போனான், சங்கம் மீண்டும் எழுந்தது. அதை நிறுவிய மூவரில் ஒருவரான கார்ல் ரென்னர், 1945இல் ஆஸ்திரியக் குடியரசின் தலைவரானார்.

வியன்னாவிலே பிறப்பைக் காட்டித் தடுத்தார்கள் என்றால், இங்கிலாந்திலே பத்திரத்தைக் காட்டித் தடுத்தார்கள்.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்ற இரண்டு நகரங்கள். ஒன்று பருத்திக்குப் பெயர் போனது, மற்றொன்று எஃகுக்கு. இரண்டுக்கும் நடுவே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம், 2,087 அடி உயரத்திலே விரிந்து கிடக்கிறது. புகையும் கரியும் குடித்து வாழ்ந்த தொழிலாளி, ஞாயிறன்று ரயிலேறினால் அதன் அடிவாரத்துக்குப் போய்விடலாம். ஆனால் மேலே போக முடியாது! ஏன்? அது பிரபுக்களின் வேட்டை நிலம். கிரௌஸ் என்றொரு காட்டுப் பறவை. ஆகஸ்ட் 12இல் அதைச் சுடும் பருவம் தொடங்கும். துப்பாக்கி பிடித்த கனவான்கள் ஆண்டிலே சில நாட்கள் வந்து சுடுவதற்காக, ஆண்டு முழுவதும் இலட்சக்கணக்கான மக்களுக்கு அந்த மேடு அடைக்கப்பட்டிருந்தது. பறவைக்கு இருந்த இடம் பஞ்சாலைத் தொழிலாளிக்கு இல்லை!

மனுப் போட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் பிரைஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1884இலேயே ஸ்காட்லாந்து மலைகளைத் திறந்துவிட ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அதன் பின்னும் மசோதாக்கள் வந்தன. வந்த வழியே திரும்பின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இப்படியே கழிந்தது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்டு என்ற சிற்றூருக்கு அருகே, கைவிடப்பட்ட கல்லுடைக்கும் குழி ஒன்றிலே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். ஒரு பாறையின் மேல் ஏறி நின்று பேசினான் பென்னி ராத்மன். வயது இருபது; மோட்டார் மெக்கானிக்; வேலையில்லை. ரயிலிலே வந்தால் போலீஸ் மறிக்கும் என்று, மான்செஸ்டரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன். பேச்சு முடிந்ததும் அணி புறப்பட்டது. சரிவிலே வேட்டைக் காவலர்கள் தடிகளோடு நின்றார்கள். தள்ளுமுள்ளு நடந்தது, காவலர் ஒருவருக்குக் கணுக்காலில் அடிபட்டது. அணி மேலேறி, மறுபக்கத்திலிருந்து வந்த ஷெஃபீல்டு தோழர்களைச் சந்தித்துத் திரும்பியது. அன்று அவர்கள் உச்சியைக்கூட எட்டவில்லை. மேட்டின் விளிம்பு வரைதான் போனார்கள்.

இறங்கி வந்தவர்களை எதிர்கொண்டது போலீஸ். ஆறு பேர் கைதானார்கள். அத்துமீறி நடந்தது அந்நாட்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றமல்ல. ஆகவே ‘கலகக் கூட்டம்’ என்று வழக்குப் பின்னினார்கள். வழக்கைப் பரிசீலித்த பெரிய ஜூரியிலே யார் இருந்தார்கள்? ஜெனரல்கள், கர்னல்கள், மேஜர்கள், நாட்டுப்புறச் சீமான்கள்! தொழிலாளி மலையேறியது குற்றமா என்பதை, மலைக்கு வேலி போட்ட வர்க்கமே உட்கார்ந்து முடிவு செய்தது. இளைஞர் ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

அந்த ஒரு நாள் நடையே சட்டத்தைப் புரட்டிவிட்டது என்று நாம் கூறவில்லை. நடப்போர் சங்கங்களின் தலைவர்களிலேயே பலர் அன்று அதைக் கண்டித்தார்கள். காரியம் கெட்டுப் போகும் என்றார்கள். அவர்களுடைய மனுக்களுக்கும் மாநாடுகளுக்கும் உரிய பங்கை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறைத் தண்டனையைக் கேட்டு நாடு திடுக்கிட்டது. அதுவரை நடப்போரின் குறையாக இருந்தது மக்களின் கேள்வியாக மாறியது. 1949இல், தொழிற்கட்சி ஆட்சியிலே, தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. எந்த இடம்? அதே கிண்டர் மேட்டை உள்ளடக்கிய பீக் மாவட்டம்! 2000ஆம் ஆண்டுச் சட்டம், மலை, மேடு, புதர்நிலங்களில் கால்நடையாகத் திரியும் உரிமையை இங்கிலாந்து, வேல்ஸ் மக்களுக்கு வழங்கியது. 2002 ஏப்ரலில், அந்த நடையின் எழுபதாம் ஆண்டு விழாவிலே, நிலத்தின் ஒரு பகுதிக்கு உரிமையாளராயிருந்த பரம்பரையைச் சேர்ந்த டெவன்ஷயர் பிரபு, தம் பாட்டனார் காலத்தில் நடந்தது தவறு என்று எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். அதைக் கேட்க ராத்மன் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன், தமது தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்துவிட்டிருந்தார்.

இளைஞனாக விளிம்பைத் தொட்டவர் முதுமை வரை காத்திருந்தார்; உச்சி திறந்தது! பொறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ராத்மன் சிறையிலிருந்த அந்தப் பஞ்ச காலத்திலே அமெரிக்காவிலும் வேலையற்றோர் கூட்டம் தெருவிலே நின்றது. அங்கே என்ன நடந்தது என்பதைப் பார்க்க மறுபடியும் கலிபோர்னியாவுக்குப் போவோம். இம்முறை பாலைவனத்துக்கு.

மரணப் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர். 1913 ஜூலை 10இல் அங்கே பதிவான வெப்பம் 134 டிகிரி பாரன்ஹீட். உலகத்தின் உயர்ந்த வெப்பமாக ஏட்டிலே இருப்பது அதுதான். அந்தத் தீச்சட்டியிலே 1880களில் வெண்காரம் வாரிக் கொடுத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். நாள் கூலி 1 டாலர் 30 சென்ட். அந்தப் பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் 282 அடி கீழே கிடக்கிறது. அதன் மேற்கே பானமின்ட் மலைத்தொடர். அதன் தலையிலே டெலஸ்கோப் சிகரம், 11,049 அடி. 8,133 அடி உயரம் வரை வண்டிப் பாதை உண்டு. அங்கிருந்து உச்சிக்கு ஏழு மைல் நடை. ஏறவேண்டியது ஏறத்தாழ 3,000 அடி. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். உச்சியிலே நின்று கிழக்கே நோக்கினால் காலடியில் வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம் வெள்ளையாய்ப் பளிச்சிடும். மேற்கே நோக்கினால் தொலைவிலே விட்னியின் பனிமுடி தெரியும். பள்ளமும் மேடும் ஒரே பார்வையில்!

இந்த மலைக்கு வழி செய்தவர் யார்? 1933 பிப்ரவரியில் அந்த நிலம் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், வேலையற்ற இளைஞர்களுக்காக ஓர் இயற்கைப் பாதுகாப்புப் படையை அமைத்தார். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்ச் சேரும். 1942 வரை அந்த இளைஞர்கள் மரணப் பள்ளத்தாக்கிலே சாலை போட்டார்கள். தண்ணீர்க் குழாய் பதித்தார்கள். பானமின்ட் மலையிலே நடைபாதைகள் அமைத்தார்கள். ஒரு நாட்டிலே வேலையற்ற இளைஞன் மலை மேல் நடந்ததற்காகச் சிறைக்குப் போனான். மற்றொரு நாட்டிலே வேலையற்ற இளைஞனின் கையிலே மண்வெட்டி கொடுத்து, மலைக்குப் பாதை போடச் சொன்னார்கள். எது அரசு, எது அவலம் என்று நாம் எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

ஆனாலும் அந்த நாட்டையும் முழுமையாகப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. அந்தப் படையிலே கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம் வைத்தார்கள். தேசியச் சின்னம் என்று கோடு போட்டபோது, அந்தக் கோட்டுக்குள்ளே காலங்காலமாய் வாழ்ந்த டிம்பிஷா ஷோஷோனி மக்களை யாரும் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டிலேதான் ஒரு சட்டத்தின் மூலம் ஏறத்தாழ 7,700 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ‘எல்லாருக்கும் பொது’ என்று சொல்லும்போது, முதலில் இருந்தவனை அந்த ‘எல்லாரி’லிருந்து கழித்துவிடக் கூடாது. கழித்தால், அது பிரபுவின் வேலிக்குப் பதில் அரசாங்கத்தின் வேலி, அவ்வளவுதான்.

வேலி ஒழிந்த கதையெல்லாம் பழங்கதை, இனி அச்சமில்லை என்று எண்ணுவோரும் உண்டு. 2025 ஜூனில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்க மேலவையில், யூட்டா மாநில உறுப்பினர் மைக் லீ, வரவு செலவு மசோதாவோடு ஒரு பிரிவைச் சேர்க்கப் பார்த்தார். மேற்கு மாநிலங்களிலே மக்களுக்குப் பொதுவாக உள்ள நிலத்தில் இருபது இலட்சம் ஏக்கருக்கு மேல் விற்க வேண்டும் என்பது அதன் கருத்து. வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வீடு வேண்டும்தான், ஏழைக்கு வீடு வேண்டாம் என்று நாம் சொல்வோமா? ஆனால் விற்ற நிலத்திலே எழுவது ஏழையின் வீடா, செல்வரின் மாளிகையா என்று மக்கள் கேட்டார்கள். மலை நடப்போர் மட்டுமல்ல, மீன் பிடிப்போரும் வேட்டையாடுவோரும் கட்சி வேறுபாடின்றி எதிர்த்து எழுந்தார்கள். மாத முடிவுக்குள் அந்தப் பிரிவு திரும்பப் பெறப்பட்டது. பொதுச் சொத்து என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியிலே பூட்டி வைக்கிற நகையல்ல. கண்ணயர்ந்தால் களவு போகும். காவல் இருந்தால்தான் நிலைக்கும்.

இனி, தொடக்கத்திலே கேட்ட தோழருக்கு வருவோம். “எல்லாம் சரி; உரிமை வேண்டியதுதான். ஆனால் ஏறி என்ன கண்டோம்?” என்பார் அவர்.

மலை ஓர் அமைப்புப் பாடம் சொல்லித் தருகிறது, தோழரே! சேர்ந்து போகிற அணியிலே, கடைசி ஆளின் நடைதான் அணியின் நடை. வேகமாய் ஏறத் தெரிந்தவன் தனியே முன்னால் போய்விட்டால், பின்னால் விழுந்தவனுக்கு யார் துணை? இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிடுவது என்று புறப்படும்போதே முடிவு செய்கிறார்கள். அந்த மணி வந்ததும், உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் திரும்புகிறார்கள். ஏனென்றால் உச்சி என்பது பாதி வழி. வீடு சேர்ந்தால்தான் முழு வழி. பிற்பகல் இடி மின்னலிலே வீறாப்புக் காட்டியவன் வீரனல்லன். பாலைவனத்திலே நாளொன்றுக்கு ஆளுக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதும், கோடையிலே காலை பத்து மணிக்கு மேல் தாழ்நிலத்திலே நடக்கக் கூடாது என்பதும் மரணப் பள்ளத்தாக்குப் பூங்காவின் எச்சரிக்கை. தண்ணீரைச் சுமக்கச் சோம்பியவன், பிறகு தோழர்கள் தன்னைச் சுமக்கும்படி ஆகிவிடுகிறான்.

கடைசி ஆளோடு சேர்ந்து நடப்பது, குறித்த நேரத்திலே குறித்ததைச் செய்வது, பொதுத் தேவைக்குத் தன் பங்கைத் தானே சுமப்பது, பின்வாங்க வேண்டிய நேரத்திலே வெட்கமின்றிப் பின்வாங்கி மறுவாரம் மீண்டும் வருவது—இவை மலைக்கு மட்டும் வேண்டிய குணங்களா? சங்கம் நடத்துகிறவனுக்கு வேண்டாமா? வேலைநிறுத்தம் நடத்துகிறவனுக்கு வேண்டாமா?

ஆறு நாள் ஏறுகிறவன் ஏழாம் நாளும் ஏற வேண்டுமா என்று கேட்டீர்கள். ஆறு நாள் ஏறுவது கூலிக்காக, பிறர் சொன்ன உயரத்துக்கு. ஏழாம் நாள் ஏறுவது தனக்காக, தான் விரும்பிய உயரத்துக்கு. பாயிலே படுத்து ஓய்வெடுக்க விரும்புகிறவர் தாராளமாய் ஓய்வெடுக்கட்டும். அந்த நாள் அவருடையது. ஏற வேண்டும் என்று நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. ஏற விரும்புகிறவனுக்கு நாளும் இருக்க வேண்டும், வழியும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

ஓய்வு நாளைக் கூடுதல் வேலை என்ற பெயரால் முதலாளி கேட்பான். பொது நிலத்தை வளர்ச்சி என்ற பெயரால் வியாபாரி கேட்பான். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: அது விற்பனைக்கல்ல!